மின்கார் மானியமும் நடுவுநிலைமையும்

அரசாங்கம் ஒருவர்க்குப் பணம் கொடுக்கின்றதென்றால் அப்பணம் வேறு பலரிடமிருந்து பெறப்பட்டதென்பதை நாம் மறத்தல் ஆகாது. திறைசேரியில் தானாக ஊறும் செல்வம் யாதும் இல்லை. பஞ்சத்தால் வாடுவோர்க்கு அரிசி வழங்கும்போது இவ்வுண்மை எவர் நெஞ்சையும் உறுத்துவதில்லை; புதிய கார் வாங்குவோர்க்குப் பணம் வழங்கும்போது உறுத்துகின்றது. கார் வாங்க வல்லவர் வறியவர் அல்லர். பேருந்தில் நின்றுகொண்டு செல்பவர் தம் வரிப்பணத்தால் அவருக்கு ஏன் உதவல் வேண்டும்?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. சென்ற பதினைந்து இருபது ஆண்டுகளாக மேலைநாடுகள் பலவும் மின்சாரக் கார் வாங்குவோர்க்கு மானியமாகவோ வரிக்கழிவாகவோ பெருந்தொகை வழங்கி வந்துள்ளன. ஒஸ்லோவிலும் பாரிசிலும் கலிபோர்ணியாவிலும் வாழும் எம் பழைய மாணவர் சிலர் அவற்றைப் பெற்றும் இருப்பர். அவர்கள் பெற்றது தகுதியா, அன்றா என்று ஆராய்வது எம் நோக்கமன்று. கொடுத்த அரசாங்கங்கள் எவ்வாறு கொடுத்தன என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

கொடுப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெற்றோல் கார் கக்கும் புகைக்கு அதனை ஓட்டுபவர் விலை செலுத்துவதில்லை. தெருவோரத்தில் வாழ்ந்து அப்புகையை உட்கொள்பவரே தம் நலத்தால் அவ்விலையைச் செலுத்துகின்றார். ஆகவே புகையில்லாத காரை வாங்குபவர் தமக்கேயன்றி அயலார்க்கும் ஒரு நன்மை புரிகின்றார். அன்றியும், புதிய பொறியொன்று மிகுதியாக உற்பத்தி செய்யப்படுந்தோறும் அதன் விலை இறங்கும். 2010 ஆம் ஆண்டில் இருந்த விலையோடு ஒப்பிடின் கார்களுக்குரிய மின்கலத்தின் விலை இன்று 100க்கு 80 பங்குக்கு மேல் வீழ்ந்துள்ளது. முதலில் வாங்கியவர் கூடிய விலை கொடுத்தமையாலேயே பின்னர் வாங்குபவர் குறைந்த விலைக்குப் பெறுகின்றார். நிலக்கரியால் மின்சாரம் ஆக்கும் இடங்களில் இந்நன்மை சுருங்கும் என்பது மெய்யே. எனினும் காரணம் காரணமே.

காரணம் நன்றாயிருந்தால் மட்டும் போதாது. மானியத்தின் தொகையைக் காட்டிலும் அஃது எந்த வாயிலால் புகுந்து, எந்த நேரத்தில், எவர் கையை அடைகின்றது என்பதே அது நீதியுடையதா என்பதை முடிவு செய்கின்றது. இதனை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தைப் போலச் சிறந்த உதாரணம் வேறில்லை. ஏனெனில் அந்நாடு 2008 இல் இயற்றிய சட்டந் தொடங்கி 2025 வரை ஒரே தொகையைப் பல வாயில்களால் கொடுத்துப் பார்த்திருக்கின்றது.

பழைய சட்டப்படி மின்கலத்தின் கொள்ளளவுக்கேற்ப 2,500 டொலர் முதல் 7,500 டொலர் வரை கழிவு உண்டு. பெரும்பாலான முழு மின்கார்களுக்கு 7,500 கிடைத்தது. ஆனால் அது கையிற் கொடுக்கும் பணமன்று. வருமான வரியிற் கழிக்கும் தொகை. வரியிலும் மிஞ்சிய கழிவைத் திறைசேரி திருப்பித் தராது. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவும் இடமில்லை. கழிவு என்னும் எமது சொல்லுக்குத் தள்ளுபடி என்றும் பயனின்றி ஒழிந்தது என்றும் இருபொருள் உண்டு. இச்சட்டத்தில் அவ்விரு பொருளும் ஒருங்கே நிறைவேறின.

எண்கணிதம் பயிலும் மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 2022 ஆம் ஆண்டுக்கான வரி விதிகளின்படி, மணமாகாத ஒருவர் அவ்வாண்டில் 30,000 டொலர் உழைத்தார் எனக் கொள்வோம். அனைவர்க்கும் பொதுவாக வரியிலிருந்து நீக்கப்படும் 12,950 டொலரைக் கழிக்க எஞ்சுவது 17,050. இதில் முதல் 10,275 டொலருக்கு 100க்கு 10 வீதமும், மிகுதி 6,775 டொலருக்கு 100க்கு 12 வீதமும் வரி. கூட்டினால் 1,840 டொலர் 50 சதம். இவர் மின்கார் வாங்கினால் அவருக்குக் கிடைக்கக்கூடிய கழிவும் அவ்வளவே. 7,500 டொலரையும் முழுமையாகப் பெறுதற்குத் தனியாள் ஒருவர் ஏறக்குறைய 67,000 டொலர் உழைத்தல் வேண்டும். அதற்கு மேல் எத்துணை உழைத்தாலும், கோடீசுவரரேயாயினும், அவ்வாண்டு சட்டம் மாற்றப்படும் வரை தடையில்லை.

அம்மட்டோ? வறியவர் தமக்குரிய அந்த 1,840 டொலரையேனும் கார் வாங்கும் நாளிற் பெற முடியாது. கார் வாங்குவது ஓர் ஆண்டு. வரி அறிக்கை கொடுப்பது மறு ஆண்டு. இடையிலுள்ள மாதங்களுக்கு முழு விலைக்கும் கடன்பட்டு வட்டி கட்டுதல் வேண்டும். கையில் முதலுள்ளவர்க்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டன்று. மாதச் சம்பளத்தை நம்பி வாழ்வோர்க்கோ, ஓராண்டின் பின் வரும் பணம் வாராத பணத்தோடு ஒக்கும்.

இதன் விளைவு யாதாயிற்று என்பதைக் கலிபோர்ணியாப் பல்கலைக் கழகத்துப் பொருளியலாளர் செவரின் போரன்ஸ்ரைன், லூகாஸ் டேவிஸ் ஆகிய இருவரும் வரித் திணைக்களத்தின் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டனர். மக்களை வருமான வரிசைப்படி ஐந்து சம பிரிவாக்கினால், மின்கார்க் கழிவிலே 100க்கு ஏறக்குறைய 90 பங்கு மேல்நிலையிலுள்ள ஒரு பிரிவினரையே சென்றடைந்திருந்தது. சட்டம் இயற்றியோர் செல்வர்க்கே கொடுப்போம் என எங்கும் எழுதவில்லை. வாயில் அவ்வாறு அமைந்தது, அவ்வளவே.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. அது புறக்கணிக்கத் தக்கதுமன்று. எந்தப் புதிய கார் ஆயினும் அதனை முதலில் வாங்குபவர் செல்வரே. அவர் சில ஆண்டு ஓட்டி விற்றபின் அது நடுத்தரக் குடும்பத்தை அடையும். ஆகவே மேலே வார்த்த நீர் கீழே இறங்குமென்று காத்திருக்கலாம் என்பர். இறங்குவது உண்மை. ஆயினும் 2021 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இம்மறுமொழியின் வேரிலேயே கைவைக்கின்றது. ஜியான்வெய் சிங், பெஞ்சமின் லெயர்ட், ஷான்ஜுன் லி என்போர் செய்த அவ்வாய்வின்படி, அமெரிக்கக் கழிவிலே 100க்கு ஏறக்குறைய 70 பங்கு, கழிவு இல்லாதிருப்பினும் மின்காரையே வாங்கியிருக்கக் கூடியவர்களுக்குச் சென்றது. வாங்கத் துணிந்தவர்க்குக் கொடுத்த பணம் வாங்காதிருந்த ஒருவரையும் வாங்கச் செய்யவில்லை. அதனால் புகையும் குறையவில்லை, திறைசேரிதான் குறைந்தது.

இவ்விடத்தே நாம் நின்று கருத வேண்டிய ஒன்றுண்டு. நீதியையும் சிக்கனத்தையும் ஒன்றுக்கொன்று பகை போலப் பேசுவது பலர் வழக்கம். வறியவர்க்குக் கொடுத்தால் நீதி, வல்லவர்க்குக் கொடுத்தால் பயன் என்பர். மின்கார் விடயத்தில் இவ்விரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. 7,500 டொலர் இல்லாவிடின் வாங்க இயலாதவர்க்கு அத்தொகையைக் கொடுத்தால் அவர் வாங்குகின்றார். இருந்தும் இல்லாமலும் வாங்குபவர்க்குக் கொடுத்தால் நன்றி மட்டுமே மிஞ்சுகின்றது, அதுவும் சில வேளை. கொடையாளரிடம் சங்கப் புலவர் எதிர்பார்த்த வரிசையறிதல் என்னும் பண்பு, ஈண்டு வரவு செலவுத் திட்டம் வகுப்போர்க்கும் வேண்டியதாகின்றது.

2022 ஆகஸ்டு மாதத்தில் ஜனாதிபதி பைடன் கையொப்பமிட்ட சட்டம் இக்குறைகள் சிலவற்றைத் தீர்க்க முனைந்தது. 2023 ஜனவரி முதலாக, தனியாள் வருமானம் 150,000 டொலருக்கும், கணவன் மனைவி கூட்டு வருமானம் 300,000 டொலருக்கும் மேற்பட்டால் கழிவில்லை. காரின் விலைக்கும் வரம்பு விதித்தனர்: சாதாரண காருக்கு 55,000 டொலர், உயர்ந்த பெருவண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் 80,000 டொலர். மின்கலமும் அதன் மூலப்பொருளும் எந்நாட்டவை என்னும் நிபந்தனைகளும் சேர்ந்தன. அவை தொழிற்போட்டி பற்றியவை, நடுவுநிலைமை பற்றியவையல்ல. ஆதலின் அவற்றை விடுத்துச் செல்வோம்.

வரம்பு விதிப்பது நன்று. ஆனால் வரம்பு சுவராக நிற்றலும் உண்டு, சரிவாக அமைதலும் உண்டு. அமெரிக்கர் கட்டியது சுவர். 150,000 டொலர் உழைப்பவர்க்கு 7,500. அதற்கு மேல் ஒரு டொலர் கூடினால் ஒன்றுமில்லை. மேலதிக நேர வேலையால் அந்த ஒரு டொலரை உழைத்தவர் 7,500 டொலரை இழக்கின்றார். வாங்கும் ஆண்டின் வருமானம், முந்திய ஆண்டின் வருமானம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதனைக் கொள்ளலாம் என விதித்தமையால் இக்கடுமை சிறிது தணிந்தது. வருமானம் ஏற ஏறக் கழிவு படிப்படியாகக் குறையுமாறு அமைத்திருந்தால் இத்தணிப்பே வேண்டியிராது என்பது எம் கருத்து.

விலை வரம்பு விளைத்த வேடிக்கையை இங்கே குறிப்பிடாமல் விட மனமில்லை. டெஸ்லா நிறுவனத்தாரின் ஒரே வகைக் காரில், ஏழு இருக்கை உள்ளது பெருவண்டி எனவும் ஐந்து இருக்கை உள்ளது சாதாரண கார் எனவும் முதலில் வகுக்கப்பட்டன. ஒன்றற்கு 80,000 வரம்பு; மற்றதற்கு 55,000. பின்னிருக்கை இரண்டு, நாட்டின் வரிக்கொள்கையைத் தீர்மானித்தன! 2023 பெப்ரவரியில் திறைசேரி அவ்வகுப்பை மாற்றியது.

வேடிக்கையன்று, வருத்தத்துக்குரியது வேறொன்று. முன்வாயிலில் இத்துணைக் காவலர் நிற்க, பின்வாயில் திறந்தே கிடந்தது. வணிக நிறுவனங்கள் வாங்கும் வண்டிகளுக்கென அதே சட்டத்தில் வேறொரு கழிவு இருந்தது. லீசிங் என நாம் வழங்கும் குத்தகை முறையிலே காருக்கு உடையவர் குத்தகைக் கம்பனியாராதலின், அவர்கள் அந்தக் கழிவைப் பெறலாமென 2022 டிசம்பர் இறுதியில் திறைசேரி விளக்கம் கூறியது. அதற்கு வருமான வரம்பும் இல்லை, விலை வரம்பும் இல்லை. கம்பனியார் பெற்றதை மாதக் கட்டணத்திற் குறைத்துக் கொடுத்தால், வாங்கினால் ஒரு சதமும் பெற முடியாத செல்வர், குத்தகைக்கு எடுத்து 7,500 டொலரின் பயனை அனுபவிக்கலாம். மின்கார்களைக் குத்தகைக்கு எடுப்போர் தொகை அதன்பின் விரைந்து பெருகியதில் வியப்பில்லை. சலுகைகள் தமக்குரியவரை விட்டு நழுவிச் செல்லும் வழிகளை எம் நாட்டவர்க்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. உத்தியோகத்தர்க்கும் பாராளுமன்ற உறுப்பினர்க்கும் வழங்கப்பட்ட வாகன இறக்குமதி அனுமதிப்பத்திரங்கள் சந்தையில் விலைபோன கதையை அறியாதார் எம்மிடையே யார்?

இனி அச்சட்டத்தின் சிறந்த பகுதிக்கு வருவோம். 2024 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம், வாங்குபவர் தம் கழிவை விற்பனையாளர்க்கு மாற்றிக் கொடுக்கலாம் என்றாயிற்று. விற்பனையாளர் அத்தொகையை அங்கேயே விலையிற் குறைத்துவிட்டு, தாம் அரசாங்கத்திடம் சில நாளிற் பெற்றுக்கொள்வார். கடன் வாங்க வேண்டிய தொகையும் அந்த அளவுக்குக் குறைந்தது. இதனினும் பெரிய நன்மையொன்று விதிகளின் உள்ளே பொதிந்திருந்தது. இவ்வாறு மாற்றிக் கொடுத்தவரின் வரி 7,500 டொலருக்குக் குறைவாயிருந்தாலும் மிகுதியைத் திருப்பிக் கேட்பதில்லை என வரித் திணைக்களம் விதித்தது. நாம் முன்னே கணக்கிட்ட 30,000 டொலர் வருமானக்காரர் அப்போது 1,840 அன்று, 7,500 டொலரையும் பெறலாம் என்றாயிற்று. கொடுக்கும் தொகை ஒரு சதமும் உயரவில்லை. வாயில் மட்டுமே மாறியது.

அச்சட்டம் முதன்முறையாகப் பாவித்த மின்கார்களுக்கும் கழிவு அளித்தது: விலையில் 100க்கு 30 பங்கு, ஆனால் 4,000 டொலருக்கு மேற்படாது, காரின் விலை 25,000 டொலருக்குள் இருத்தல் வேண்டும், தனியாள் வருமானம் 75,000 டொலரைத் தாண்டலாகாது. தொழிலாளர் குடும்பங்கள் புதிய கார் வாங்குவது அமெரிக்காவிலும் அருமையே. அவர்கள் வாங்குவது பிறர் பாவித்த கார். புதியதற்கு மட்டும் மானியம் என்பது, பட்டுப் புடைவைக்கு மட்டும் விலைக்கழிவு எனக் கடைக்காரர் பலகை தொங்கவிடுவது போன்றது.

நோர்வே நாட்டினர் மானியம் என ஒன்றும் கொடுக்கவில்லை; வரியை நீக்கினர். 2001 முதல் மின்காருக்கு 100க்கு 25 வீதமான பெறுமதி சேர் வரி அங்கு விதிக்கப்படவில்லை. புதிய கார்களுள் பெரும்பாலானவை மின்கார்களாக அந்நாட்டில் மாறியதற்கு இஃது ஒரு முதன்மைக் காரணம். ஆனால் வரிவிலக்கு விலையோடு வளரும் இயல்புடையது. 300,000 குரோனர் விலைக் காரை வாங்கியவர்க்கு மிஞ்சியது 75,000; பத்து இலட்சம் குரோனர் விலைக் காரை வாங்கியவர்க்கு மிஞ்சியது 250,000. உயர்ந்த சொகுசுக்கு உயர்ந்த பரிசு. 2023 இல் முதல் 500,000 குரோனருக்கு மட்டுமே விலக்கு என வரம்பிட்டனர். அவ்வரம்பால் எக்காருக்கும் 125,000 குரோனருக்கு மேற்பட்ட சலுகை இல்லையாயிற்று. எளிய காரை வாங்குவோர்க்கு இதனால் இழப்பொன்றுமில்லை. மாற்றம் மேல்தட்டையே தொட்டது.

பிரான்சு நாட்டினர் வேறொரு வழி கண்டனர். வறியவர்க்குக் கார் விலையைக் குறைப்பதினும் மாதக் கட்டணத்தைக் குறைப்பதே மேல் எனத் துணிந்து, 2024 ஜனவரியில் சமூகக் குத்தகை என்னும் திட்டத்தைத் தொடங்கினர். மாதக் கட்டணம் 150 யூரோவுக்கு மேற்படவில்லை. அரசாங்கம் அப்போது ஒரு காருக்கு 13,000 யூரோ வரை பொறுத்தது. குடும்ப உறுப்பினர் தொகைக்கேற்பப் பங்கிட்ட வருமானம் பங்கொன்றுக்கு 15,400 யூரோவுக்குள் இருத்தல் வேண்டியிருந்தது. அதனோடு, வேலைத்தலம் வீட்டிலிருந்து 15 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து அங்கு தம் காரிலேயே செல்பவராக இருத்தல், அல்லது தொழில் நிமித்தம் ஆண்டுக்கு 8,000 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டுபவராக இருத்தல் என ஒரு நிபந்தனையும் வைத்தனர். இந்நிபந்தனை எம் மனத்தைக் கவர்ந்தது. யாருக்குத் தேவை என்பதோடு, யாருடைய பெற்றோலை நிறுத்தினால் புகை மிகக் குறையும் என்பதும் அதில் அடங்கியுள்ளது. ஆனால் முந்தியவர்க்கே முதலிடம் என வைத்தமையால், ஏறக்குறைய 50,000 விண்ணப்பங்கள் குவிந்து, ஆறு வாரத்துள் கதவு மூடப்பட்டது. செய்தி தாமதமாக எட்டிய கிராமத்தவர் என் செய்வர்? அடுத்த முறை அது திறக்க 2025 செப்டெம்பர் இறுதியாயிற்று.

மானியத்தை எவ்வாறு தொடங்குவது என்பதில் செலுத்தும் கருத்தை, எவ்வாறு முடிப்பது என்பதில் அரசாங்கங்கள் செலுத்துவது குறைவு. ஜேர்மனியில் கார் பதிவான பின்னரே மானியத்துக்கு விண்ணப்பிக்க இடமிருந்தது. 2023 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பொன்றால் நிதி முடங்கவே, டிசம்பர் 16 ஆந் திகதி சனிக்கிழமை அரசாங்கம் அறிவித்தது: மறுநாளோடு விண்ணப்பம் முற்றும் என. மானியத்தை நம்பி மாதங்களுக்கு முன்னரே காருக்குக் கட்டளை கொடுத்து, அது வந்து சேருமென்று காத்திருந்தோர் ஓரிரவில் அதனை இழந்தனர். கார் செய்வோர் சிலர் அவ்விழப்பைத் தாமே ஏற்க முன்வந்தது நல்வாய்ப்பு. அமெரிக்காவிலோ, 2025 ஜூலையில் இயற்றிய சட்டம் செப்டெம்பர் 30 ஆந் திகதியோடு கழிவை ஒழித்தபோது, அத்திகதிக்குள் எழுத்தில் ஒப்பந்தம் செய்து முற்பணம் கட்டியவர்க்கு, கார் பின்னர் வந்தாலும் கழிவுண்டு என வரித் திணைக்களம் விளக்கியது. கழிவை நிறுத்தியது சரியோ பிழையோ, நிறுத்திய முறையில் அந்த மட்டில் நேர்மை இருந்தது.

இவையனைத்திலும் எமக்குச் சிறந்ததாகத் தோன்றுவது கலிபோர்ணியாவில் 2015 அளவில் விரிவாக்கப்பட்ட ஒரு சிறு திட்டம். அங்கே மாநில அரசாங்கம் எல்லார்க்கும் வழங்கிய மானியம் வேறே இருந்தது. அதற்கு 2016 இல் வருமான வரம்பு விதித்தனர். 2023 இல் அது முடிந்தது. இச்சிறு திட்டமோ, புகை கக்கும் பழைய காரை உடைப்பதற்கு ஒப்படைக்கும் வறிய குடும்பத்துக்கு 9,500 டொலர் வரை கொடுத்தது. புகையால் மிகவும் துன்புறும் சுவாக்கீன் பள்ளத்தாக்கிலும் லொஸ் ஏஞ்சல்ஸ் சுற்றாடலிலும் அது தொடங்கியது. வருமானம் குறையக் குறையத் தொகை கூடும். பாவித்த காரையும் வாங்கலாம். பணம் வாங்கும் இடத்திலேயே கழியும். ஒரு புதிய கார் வருவதோடு ஒரு பழைய கார் வீதியை விட்டு நீங்குவதால், நன்மை இரட்டிப்பு. இத்தகைய மானியத்தை விற்பனையாளர் விலையேற்றி விழுங்கிவிடுவர் என அஞ்சியோர் உளர். எரிக் முயலெகர், டேவிட் ராப்சன் ஆகிய ஆய்வாளர் இதனை நுணுகி ஆராய்ந்து, 100க்கு 70க்கு மேற்பட்ட பங்கு வாங்கியவரையே சேர்ந்ததெனக் கண்டனர்.

காரைக் கொடுத்தால் மட்டும் போதுமா? சொந்த வீடும் கார்க் கொட்டகையும் உள்ளவர் இரவில் மின்னேற்றிவிட்டு உறங்குவர். மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர் எங்கே மின்னேற்றுவார்? பொது இடங்களில் ஏற்றுவது வீட்டில் ஏற்றுவதினும் பல மடங்கு செலவாதலும் உண்டு. இதனை உணர்ந்து அத்திட்டத்தார், வீட்டில் மின்னேற்றி பொருத்தவோ, அது முடியாதவர்க்குப் பொது நிலையங்களில் மின்னேற்றும் கட்டண அட்டையாகவோ மேலும் ஒரு தொகை வழங்கினர். பழைய காரை ஒப்படைத்துவிட்டு இனி எனக்குக் காரே வேண்டாம் என்பார்க்கு, அப்பணத்தைப் பேருந்து, புகையிரதச் சீட்டுகளுக்கும் மின்துவிச்சக்கர வண்டிக்கும் செலவிட இடமளித்தனர்.